சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய சொகுசுக் கார்களைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். ஏழெட்டு வருடம் ஓடிய ஜெர்மன் கார், அதுவும் முந்நூறு குதிரைசக்தி கார், இப்போது ஒரு புது எஸ்.யூ.வி. விலைக்குக் கிடைக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள் என்கிற மாதிரி. பக்கத்திலேயே பளபளவென்று ஒரு சிவப்புக் கார் படம் வேறு. என் மனைவி அதைப் படித்துவிட்டு, பேப்பரை அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏனென்றால் அந்த விவரம் தெரிந்தவர்களில் நானும் ஒருவன்.

நான் பெங்களூரு அல்சூர்க்காரன். தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். பீன்யாவில் ஒரு மெஷின் டூல் கம்பெனியில் வேலை. அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சேர்ந்து பிரித்து மாட்டி வளர்ந்தவன், அதனால் கார் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு இருந்தது. உண்மையில் யாரும் ஏமாற்றவும் இல்லை. கார் விற்றவர் சொன்னதெல்லாம் சரிதான். நான் கேட்க வேண்டியதைத்தான் கேட்கவில்லை.

2023-ல் முதலில் பெங்களூருவிலேயே தேடினேன். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல், நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்து வினாடி சொச்சத்தில் தொடுகிற செடான். கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கதை அந்தக் கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற கதை இல்லை. கோரமங்கலாவில் ஒன்று பார்த்தோம், 26 லட்சம் சொன்னார்கள், உள்ளே புதுசு மாதிரி வாசனை. கூட வந்த என் மச்சான் பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தான், சும்மா இழுக்கவில்லை, கடைசி வரைக்கும் இழுத்தான். முதல் மூன்று அடி கறுப்பாக, சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடக்கிற கடைசி அடியில் காய்ந்த சேறு, நேர்கோடு போட்ட மாதிரி. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் பங்களாக்களுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்து, கோடி ரூபாய்க் கார்கள் பானெட் வரை மூழ்கி நின்றதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அந்தக் கார்களெல்லாம் பிறகு எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. சீட்டைக் கழுவலாம், கார்பெட்டை மாற்றலாம், பெல்ட்டின் கடைசி அடியைத்தான் யாரும் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில், சீட் முன்னும் பின்னும் நகர்கிற இரும்புத் தண்டவாளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், துரு இருந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கப்புறம்தான் டில்லி யோசனை வந்தது. அப்போது அங்கே டீசல் கார் பத்து வருடம், பெட்ரோல் கார் பதினைந்து வருடம்தான் ஓடலாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ல் போட்ட உத்தரவுகள் இருந்தன, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அவற்றை உறுதி செய்தது. வயதாகிற கார்களை விற்றுத் தள்ளிவிடப் பார்த்தார்கள், அதனால் விலை இறங்கிக் கிடந்தது. கரோல் பாக்கில் அந்தக் கோரமங்கலாக் காருக்கு அண்ணன் தம்பி மாதிரி 2016 மாடல் ஒன்று, 48 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, சர்வீஸ் பதிவுகள் ஒழுங்காக இருந்தன. 21 லட்சத்துக்குப் படிந்தது. ஐந்து லட்சம் மிச்சம் என்று நானும் மச்சானும் விமானத்திலேயே கணக்குப் போட்டுவிட்டோம்.

திரும்பி ஓட்டிக்கொண்டு வந்தோம். ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், எல்லாம் ஒரே 44-ம் நம்பர் நெடுஞ்சாலை. நாக்பூர் தாண்டி விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் அந்த ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பாடியதை நான் இங்கே எழுதினால் இந்தக் கடிதத்தின் நோக்கமே கெட்டுவிடும். லிட்டருக்கு 11 கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணை மீட்டரில் நான் பார்த்ததே இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெளிமாநில வண்டியை இங்கே கொண்டுவந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47-ம் பிரிவுப்படி பதிவை மாற்றியாக வேண்டும், கர்நாடகத்துக்கு ஆயுள் வரியும் கட்டியாக வேண்டும். இது எனக்குத் தெரியும். டில்லியிலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கான 29, 30 எல்லாம் கையெழுத்து வாங்கி, இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 21 லட்சத்துக்கு எவ்வளவு வரி வரும் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கவுன்டரில் இருந்தவர் என் விற்பனை ரசீதைப் பார்க்கவே இல்லை. ‘ஒரிஜினல் இன்வாய்ஸ் எல்லி சார்?’ என்றார், எங்கே என்று கன்னடத்தில்.

வரி நாம் கொடுத்த விலைக்கு இல்லை. 2016-ல் முதல் சொந்தக்காரர் ஷோரூமில் கொடுத்த விலைக்கு. என் காரின் அன்றைய விலை 65 லட்சம். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்கு இங்கே 18 சதவிகிதம், அதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரி. வண்டியின் வயதைப் பார்த்துக் கழிக்கிறார்கள்தான், ஆனால் ஏழு வருடம் ஓடிய பிறகும் புது வண்டிக்கான வரியில் ஏறத்தாழ அறுபது சதவிகிதம் கட்டச் சொல்கிறார்கள். எனக்கு வந்த சலான் ஏழரை லட்சத்தைத் தாண்டியது. கோரமங்கலாக் காரை விட்டுவிட்டு மிச்சம் பிடித்த ஐந்து லட்சம் போய், மேலே இரண்டரை லட்சம் கையிலிருந்து. அந்த அதிகாரி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், உட்காரச் சொன்னார்.

கட்டாமல் ஓட்டலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் நாலு பேர் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை ஒரே நாளில் 30 சொகுசுக் கார்களைப் பிடித்து நிறுத்தியதே, அதில் பெரும்பாலும் இப்படி வெளிமாநில நம்பரோடு வரி கட்டாமல் ஓடியவைதான். இப்படிப்பட்ட கார் ரோட்டில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த நாலு பேரில் ஒருவர் ஆர்.டி.ஓ. ஆளாக இருந்தால் அவ்வளவுதான்.

உங்கள் கட்டுரையில் இந்த வரியைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு டில்லி விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

சரி, வரி ஒரு தடவையோடு போகும். மற்றது போகாது. காரின் விலை கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது, 65 லட்சம் 21 ஆகிவிட்டது. ஆனால் அதன் பிரேக் டிஸ்க் தேயும்போது மாட்ட வேண்டியது 65 லட்ச ரூபாய்க் காரின் டிஸ்க். டயரும் அப்படி, ஹெட்லைட்டும் அப்படி, மெக்கானிக் கூலியும் அப்படி. பாகங்களின் விலை வருடா வருடம் ஏறத்தான் செய்கிறது, கார் பழசாகிவிட்டதே என்று யாரும் குறைத்துக்கொள்வதில்லை. என் சம்பளம் 21 லட்ச ரூபாய்க் கார்க்காரனின் சம்பளம். இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய ஏழு மாதமும் ஒரு வாட்டர் பம்ப்பும் ஆனது.

வாட்டர் பம்ப் கதை இது. பனசங்கரி பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது மீட்டரில் மஞ்சள் எழுத்து, என்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் குறைவு என்று. நிறுத்தித் திறந்தால் பாகு மாதிரி ஒரு தித்திப்பு வாடை. வில்சன் கார்டனில் நான் நம்புகிற ஒரு பாய் இருக்கிறார், ஜெர்மன் கார்கள் மட்டும் பார்க்கிறவர். அடியில் இருந்த கவசத்தைக் கழற்றி, என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டின் கூட்டை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக். விரலால் அழுத்தினேன், வறுத்த அப்பளம் மாதிரி ஓரம் உடைந்து கையோடு வந்தது. ‘ஏழெட்டு வருஷம் சூட்டுல வெந்தா இப்படித்தான் சார் ஆவும். ஓடினாலும் ஆவும், நின்னாலும் ஆவும். கிலோமீட்டர் கம்மின்னு சந்தோஷப்படாதீங்க’ என்றார். ஒன்று போனால் அதே இடத்தில் இருக்கிற மற்றதும் போகும், கூலி இரண்டு தடவை ஏன் என்று பம்ப், கூடு, ஹோஸ், பெல்ட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினோம். 95 ஆயிரம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதற்கே ஒன்றரை சொன்னார்கள்.

அந்த பாய்தான் கியர்பாக்ஸ் எண்ணெயையும் மாற்ற வைத்தார். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன, ஆனால் பல ஜெர்மன் கார்களில் வருகிற எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்கிற இசட்.எஃப். கம்பெனியே 80 ஆயிரத்திலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கேட்டால் பாய் சிரிக்கிறார். வாரன்டியின் ஆயுளாம். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும், எண்ணெய்க்கு ஆகிற செலவு சில பத்தாயிரம், கியர்பாக்ஸ் போனால் லட்சங்களில் பேசுவார்கள்.

டயரைப் பற்றி பெங்களூருக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது அங்குல வீல், அதைச் சுற்றி ஒரு விரல்கடை ரப்பர், அவ்வளவுதான். குழியில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றுமே கிடையாது, டயரின் பக்கவாட்டில் கொப்புளம் வந்துவிடும் அல்லது அலாய் வளைந்துவிடும், அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் இரண்டும். போன மழையில் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் தண்ணீர் மூடிக்கிடந்த ஒரு குழி, வெளியே தெரியவே இல்லை, ஒரு சத்தம் வந்தது பாருங்கள், எனக்கு முதுகெலும்பில் கேட்டது. முன்னாலும் பின்னாலும் வேறு வேறு அளவு என்பதால் சுற்றி மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமாளிக்கவும் வழியில்லை. நான்கும் மாற்ற 1,20,000 ஆனது. அப்புறம் சஸ்பென்ஷன் ஆர்ம்கள், புஷ்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஹம்ப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றையும் குறுக்காக, நத்தை மாதிரி ஏறி இறங்குகிறேன், பின்னால் வருகிற ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துத் தீர்க்கிறார்.

அந்த ஆட்டோக்காரர்களில் ஒருவர்தான் முன் பம்பரை இழுத்துவிட்டுப் போனது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். இங்கேயும் ஒரு பாடம். ஐந்து வருடம் தாண்டிய கார்களுக்குப் பல கம்பெனிகள் ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருகிற வசதி, கொடுப்பதில்லை. அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கெல்லாம் பாதி விலை நம் தலையில். பம்பர் என்பது முழுக்க பிளாஸ்டிக்தானே. சென்சார், கிரில், பெயின்ட் எல்லாம் சேர்த்து வந்த பில்லில் என் பங்கு 80 ஆயிரம். முன்னவர் வருடக்கணக்காக கிளெய்ம் போடாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் காரோடு வரும் என்றும் நினைத்திருந்தேன், அதுவும் வராது, அது காருக்கு இல்லை, ஆளுக்கு. பாலிசியை நம் பெயருக்கு மாற்ற வாங்கின நாளிலிருந்து 14 நாள்தான், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

பெட்ரோல் பற்றி என்ன எழுதுவது. ஊருக்குள் லிட்டருக்கு ஐந்தரை, ஆறு. அதுவும் ஆக்டேன் அதிகமான விலை கூடிய பெட்ரோல்தான் போட வேண்டும். இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது, 2023 ஏப்ரலுக்கு முன்னால் வந்த கார்கள் பெரும்பாலும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல, மைலேஜ் சில சதவிகிதம் குறையும் என்று பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது. ஆறில் சில சதவிகிதம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன. டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி இந்த ஊரில் பத்து கிலோமீட்டர் போக 34 நிமிடம் ஆனது. ஐந்து வினாடியில் நூறைத் தொடுகிற காரை வைத்துக்கொண்டு, அல்சூரிலிருந்து பீன்யாவுக்குப் போவதற்குள் நான் இரண்டு பாட்காஸ்ட் கேட்டு முடித்துவிடுகிறேன். இப்போதெல்லாம் ஆபீசுக்கு மெட்ரோதான். கார் வாரம் ஒரு தடவை.

இரண்டு வருடம் சொச்சத்தில், வாங்கிய விலை, வரி, பெட்ரோல் எதையும் சேர்க்காமல் ஒன்பது லட்சம் ஆகியிருக்கிறது. போன மாதம் சும்மா ஒரு வியாபாரியிடம் விலை கேட்டேன், 14 சொன்னார். 2025 செப்டம்பர் 22-லிருந்து புதுப் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸுமாக 48, 50 சதவிகிதம் இருந்தது 40 ஆகிவிட்டதே, புதுசின் விலையே இறங்கினால் பழசை யார் சார் சீண்டுவார்கள் என்றார். அவர் சொன்னதில் வியாபாரத் தந்திரம் பாதி இருந்தாலும் மீதிப் பாதி நிஜம்தான்.

இதில் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2020-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 என்று 200 வண்டி மட்டும் இந்தியாவுக்கு வந்தது, 2016-ல் மூன்று கதவு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி.ஐ. 99 மட்டும். அந்த மாதிரி எண்ணி வந்த வண்டிகளைத் தேடி வாங்கக் கிறுக்கர்கள் இருக்கிறார்கள், விலை லேசில் இறங்காது. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி கம்பெனிகளே பழைய கார்களைப் பரிசோதித்து வாரன்டியோடு விற்கவும் செய்கின்றன, வெளியில் இருப்பதைவிட இரண்டு மூன்று லட்சம் கூடச் சொல்வார்கள். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள் என்று நான் எழுந்து வந்தேன். வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் அந்த வாரன்டியில் வந்திருக்கும்.

வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை, இன்னும் விற்கவில்லையே. ஆனால் உங்கள் பத்திரிகையிடம் ஒன்று கேட்கலாம். பழைய கார் விலையைப் போடுகிற இடத்தில், பக்கத்திலேயே அந்தக் காரின் முதல் விலையையும் போடுங்கள், எந்த மாநிலப் பதிவு என்பதையும் போடுங்கள். இடம் கிடைத்தால் நாலு டயரின் விலை. இந்த மூன்று விவரங்களும் இருந்தால் மீதியை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள், சிவப்புக் கார் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினாலே இடம் வந்துவிடும்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பில்களெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன், அவர் வந்தால் காட்டுகிறேன், காபி உண்டு. காரில் அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டும் கூட்டிப்போகிறேன், காலை ஆறு மணிக்கு முன்னால் வந்தால்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அல்சூர், பெங்களூரு.